பித்தம்தான்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். மாத்திரை அட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்ட பிறகே கையைத் திறப்பார்.

அப்பாவின் மறதிக்கு விழுப்புரம் டாக்டர் எழுதிய புது மாத்திரையை வாங்கப் போயிருந்தேன்.

"ஹார்ட்டு பிரச்சனை, வீசிங், அல்சர் எதுனா இருக்குதா?"

"இல்லீங்க."

"மயக்கம்?"

"அதெல்லாம் இல்லீங்க. எழுந்தா கண்ணு இருட்டிக்கினு வருதுன்னு உக்காந்துடுவாரு. பித்தம்தான்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"பித்தத்தப் போயி எதுக்குங்க சொல்றது?"

அவர் கை திறக்கவில்லை. "இது நாடித்துடிப்ப கொறைக்கும். ஏற்கெனவே கொறைச்சலா இருந்தா ஆளு வுழுந்துடுவாரு. சொல்லிட்டு, இசிஜி எடுத்துக்கினு வாங்க."

மறுபடியும் விழுப்புரம் பஸ்ஸா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இசிஜியில் அப்பாவின் இதயத் துடிப்பு மிகக் குறைவாக இருந்தது. டாக்டர் அந்த மாத்திரையை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அந்தச் சீட்டோடு போய் நன்றி சொன்னேன். அவருக்கு என்னை நினைவே இல்லை. புது அட்டையைக் கையில் மூடிக்கொண்டு கேட்டார்: "பித்தம், வாயுன்னு சொல்லிக்கினு எதுனா இருக்குதா?"