பஞ்சர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்

போன வாரம் திருவானைக்கோவிலில் ஒரு சைக்கிள் கடையில், டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கிற பட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை நிறம், வழவழவென்று இருந்தது. இதைப் போட்டால் முள் ஏறாது என்றார் கடைக்காரர். நான் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இது கிடைத்திருந்தால் நான் அத்தனை பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

அப்போது நான் கொள்ளிடக் கரைத் தோப்புகளில் வாழை இலை அறுத்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு மெஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். கேரியரில் இலைக்கட்டை வைத்துக் கட்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, மாம்பழச்சாலை வழியாகக் காவிரிப் பாலம் ஏறுவேன். பாலத்தில் காற்று எதிரே வரும். முதுகில் ஈர இலை குளிர்ச்சியாகப் பட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்காகவே இன்னொரு தடவை அந்த வயதுக்குப் போகலாம் என்று தோன்றும்.

கரைப் பாதை முழுக்கச் சீமைக் கருவேல முள். தோப்புக்காரர்கள் வேலிக்கு வெட்டிப் போடுகிற முள் பாதையிலும் சிதறிக் கிடக்கும். பின் சக்கரத்தில்தான் பாரம் எல்லாம், அதனால் பின் டயர்தான் குத்து வாங்கும். மெஸ் நடத்திய அக்காவுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இலை வந்தாக வேண்டும். நான் வியர்த்துப்போய் நிற்கும்போது கேட்பார்:

“என்ன தம்பி, இன்னைக்கும் பஞ்சரா?”

“ஆமாங்க அக்கா.”

“லேட்டா வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. வேற ஏதாவது புதுசா சொல்லேன்.”

ஒருநாள் டயரிலிருந்து பிடுங்கிய முள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “முள்ளு எங்க வேணாலும் கெடைக்கும் தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் டயருக்குள் டயர் போட்டேன். தேய்ந்துபோன பழைய டயர் ஒன்றை எடுத்து, ஓரத்துக் கம்பிகளை அறுத்து எறிந்துவிட்டு, நடுப்பட்டையை மட்டும் உள்ளே வைத்தேன். இலைக்காரர்கள் பலரும் அப்படிச் செய்வதுண்டு. நீளத்தை அளந்து வெட்டினால் குறைந்துவிடுமோ என்று பயந்து, ஒரு முனை மேல் இன்னொரு முனை ஏறி இருக்கும்படி தாராளமாகவே விட்டேன். அந்த இடம் இன்னும் கெட்டியாக இருக்கும் என்று எனக்கு ஒரு திருப்தி.

அதற்கு மேல் முள் ஏறவில்லை. ஆனால் பஞ்சர் நிற்கவில்லை. காட்டுவதற்கு இப்போது முள்கூட இல்லை. அக்கா ஒரு நாள் சிரிக்காமல் சொன்னார்: “துறையூர்ல இருந்து ஒருத்தர் வேன்ல இலை கொண்டாரேன்னு கேட்டுக்கிட்டு இருக்காரு தம்பி. இந்த வாரம் பாக்குறேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்காத.”

எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. அன்று வீட்டுக்கு வந்து வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டியூபை வாளித் தண்ணீரில் அழுத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி முசிறிப் பக்கத்துப் பெண். பேச்சுக்குக் குறைவே இல்லாதவள். அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

“என்னங்க, ஒட்டு எல்லாம் ஒரே எடத்துல கெடக்கு? முள்ளுக்குக் கண்ணு இருக்கா, தேடி வந்து அங்கயே குத்த?”

“முள்ளே இல்லை” என்றேன்.

டயருக்குள் கையை விட்டுத் தடவினாள். முனை மேல் முனை ஏறியிருந்த இடத்தில் விரல் நின்றது. “செருப்பு வாரு மடிஞ்சிருந்தா காலைக் கடிக்குமா இல்லையா? இதுவும் அப்படித்தான். நீங்களே பல்லு வெச்சுக் கொடுத்துட்டு, ஊரு முள்ளைத் திட்டுறீங்க.”

அவள் சொன்னது சரிதான். பாரம் அழுத்தும்போதெல்லாம் அந்தத் தடித்த விளிம்பு டியூபை அராவிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு முனைகளையும் துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து இலையோரம் போல மெல்லிசாக்கினோம். அதன் மேல் பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்தோம். டியூப் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று அவள் தன் முகப் பவுடரைக் கொட்டினாள். கல்யாணத்துக்கு வந்த பவுடர் அது.

அந்த வாரம் முழுக்க நான் மெஸ் அடுப்பு மூட்டும்போதே போய் நின்றேன். அக்காவுக்கு ஆச்சரியம். “என்ன தம்பி, முள்ளெல்லாம் எங்க போச்சு?” என்றார். வீட்டுக்காரிதான் சரிசெய்தாள் என்று மட்டும் சொன்னேன். “அப்ப அவளைக் கூட்டிக்கிட்டு வா, இங்க சாப்பிடட்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேரியரில் உட்காரவைத்துப் பாலம் ஏறினேன். நான் அறுத்த இலையில் அவள் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. சாப்பிட்டுக்கொண்டே டயரின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். நான் முள்ளைப் பையில் போட்டுக்கொண்டு போனதை அவள் சொன்னபோது என்னால் நிமிரவே முடியவில்லை. அக்கா கரண்டியோடு நின்றபடி கேட்டார். பிறகு என் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். துறையூர்க்காரர் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் பாலத்து இறக்கத்தில் ஆணி ஒன்று அந்தப் பட்டையையும் துளைத்துவிட்டது. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பந்திக்குக் காத்திருந்தவர்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். நான் “அக்கா” என்று ஆரம்பித்தேன்.

“பஞ்சர்தானே? நான் இவங்ககிட்ட அப்பவே சொல்லிட்டேன்” என்றார் அக்கா. “மொதல்ல தலையைத் தொவட்டு தம்பி.”