ரெஜினாவும் சாக்லேட்டில் முக்கின வாழைப்பழமும்

ரெஜினா போய்விட்டாள்.

காலையில் அவள் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் போன் செய்தார். "முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

தல்லாகுளம் ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக என் பக்கத்து சீட். எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு "ஏன்" வேண்டும். டீ ஆறினால் மேலே ஏன் ஆடை படியுது? ஸ்டாம்ப் பேட் மை ஏன் எப்பவும் வயலெட்டு? ஃபைல் அப்படியே கிடக்கும், இவள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் கீமோ ஆரம்பித்ததும் வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடித்தாலே எரிச்சல். எடை இறங்கிக்கொண்டே போனது. இன்னும் இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஜில்லுன்னு இருந்தா மட்டும் கொஞ்சம் எறங்குதுடி" என்றாள் ஒருநாள்.

அன்றைக்கே யூடியூபில் தேடினேன். வாழைப்பழத்தைத் துண்டு போட்டு, ஃப்ரீசரில் வைத்து, உருக்கின சாக்லேட்டில் முக்கி, மறுபடியும் ஃப்ரீசர். அவ்வளவுதான். இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன் பாருங்கள்...

சாக்லேட்டைக் கிண்ணத்தில் போட்டு இட்லிச் சட்டிக்குள் வைத்து, பழக்கதோஷத்தில் மூடியும் போட்டுவிட்டேன். மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டியிருக்கிறது. திறந்து பார்த்தால் அடிப்பிடித்த உப்புமா மாதிரி திரிதிரியாக நிற்கிறது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ். "மாதாவே! ஏன்டி, ரெண்டு சொட்டுத் தண்ணிக்கா இம்புட்டு அலும்பு பண்ணுது? பால் ஊத்துனா மட்டும் கலக்குதே, அது ஏன்?"

நானே கடுப்பில் இருந்தேன். இவளுக்கு ஆராய்ச்சி!

அடுத்த தடவை மூடி போடவில்லை. பழத்தையும் ஈரம் போகத் துடைத்தேன். நன்றாகத்தான் வந்தது, ஆனால் சாக்லேட் ஓடு தடிமன். கடித்ததும் புண்ணில் குத்திவிட்டது. கண்ணில் தண்ணீரோடு "மெல்லிசா வேணும்டி" என்றாள்.

மெல்லிசாக வர ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய் ஊற்றச் சொன்னார்கள் வீடியோவில். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய் தலைக்கு மட்டும்தான். சமையலுக்கு நல்லெண்ணெய். "தலைக்கு வைக்கிறதயா அந்தப் புள்ள வாய்ல ஊத்தப் போற?" என்று மாமியார் ஒரு பிடி பிடித்தார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நல்லெண்ணெயை ஊற்றினேன்.

மெல்லிசாக வந்தது... ஆனால் இறுகவே இல்லை. காளவாசலில் அவள் வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்தால் மொத்தமும் சேறு.

அவள் விரலால் வழித்து நக்கிப் பார்த்தாள். "எள்ளுருண்டை வாசம் வருது, நல்லாத்தேன் இருக்கு. ஆனா ஏன் இறுகல?"

இரண்டு டம்ளர் எடுத்துவரச் சொன்னாள். ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் குளியலறையில் இருந்த தேங்காயெண்ணெய். இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, சமையலறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நிற்கத் தெம்பில்லை, ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்கிறாள்.

"எம்மா, கதவ மூடி வையி. இப்பிடித் தெறந்து தெறந்து பாத்தா எப்பிடி உறையும்?" என்றார் சேவியர் அண்ணன்.

கொஞ்ச நேரத்தில் தேங்காயெண்ணெய் மெழுகு மாதிரி வெள்ளையாகிவிட்டது. நல்லெண்ணெய் வைத்தது வைத்தபடி. ரெஜினா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியாடி! மார்கழி மாசம் பாட்டில வெயில்ல வச்சு எடுப்பம்ல, அதேன் இது! இத்தன வருசமாத் தலையில தேச்சிருக்கோம், தெரியல பாரு!"

அப்படிச் சிரித்து அவளைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பாத்திரம் கழுவப் போகிறேன் என்று திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் சமையலுக்கான தேங்காயெண்ணெய் பாக்கெட் புதிதாக வாங்கிச் செய்தேன். நாலு துண்டு சாப்பிட்டாள். தினம் நாலு, ஆறு... எடை இறங்குவது நின்றது. கீமோவும் தள்ளிப்போகவில்லை.

பிறகு சப்போட்டா, பப்பாளி எல்லாம் முக்கினோம். திராட்சை வேண்டாம், புளிப்பு, எரியும் என்றேன். "எம்புட்டு எரியுதுன்னு பாப்போமே" என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் துடித்தாள். பாவி.

கீமோ எல்லாம் முடிந்தது. நோய்தான் கேட்கவில்லை.

முந்தாநாள் போனில் குரலே இல்லை. "நுங்கு வந்துருச்சாம்ல... நுங்குல சாக்லேட் நிக்குமாடி?"

"நிக்காது, வழுக்கிரும்" என்றேன்.

"போட்டுப் பாத்தியா? பாக்காமச் சொல்லாத."

நேற்று வாங்கினேன். தோலை உரித்து, துணியால் ஒற்றி, முக்கி ஃப்ரீசரில் வைத்தேன். இன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கொண்டுபோகலாம் என்று இருந்தேன்.

நாலு மணிக்கு அடக்கம். சேலை மாற்றிவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் ஃப்ரீசரைத் திறந்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கரையும்வரை அங்கேயே நின்றேன்.

நிக்குதுடி ரெஜினா. கொஞ்சங்கூட வழுக்கல. உள்ள நுங்கு மட்டும் கல்லாயிருச்சு.

வாரேன்... இன்னும் அரைமணி நேரத்துல அங்க இருப்பேன்.