சாணக்குழியில் ஊறிய மேசை

நேற்று ஒரு பழம்பொருள் கடையில், "நூறு வருஷத்து வாசனை" என்று விற்பவர் திறந்து காட்டிய இழுப்பறையின் புளித்த நாற்றம், நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னிருந்த மரக்கொட்டகையை நினைவில் கிளறிவிட்டது. எண்பதுகளில் அங்கே, புது நாற்காலிகளைச் சைக்கிள் சங்கிலியால் அடித்து, ஆணியால் புழுத்துளையிட்டு, ஈக்கள் மொய்க்கும் சாணக்குழியில் ஊறவைத்துப் பழையன என்று விற்பார்கள். அந்தக் குமட்டும் நாற்றம் எங்கள் வீட்டுச் சோற்றிலும் ஏறியிருந்தது.

கொட்டகையில் உண்மையாகவே பழையது, முதலாளி துரையின் மனைவி ஸ்டெல்லா அக்கா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து, அன்றாடம் எண்ணெயிட்டுத் துடைத்துவந்த தேக்கு மேசை ஒன்றுதான். துரை அதையும் விற்பனைக்கு வைத்தார். காரில் வந்தவர்களோ அதன் பளபளப்பைக் கண்டு, புதிது என்று ஒதுக்கினார்கள்.

"இத்தையும் குழியில எறக்கிடலாம், ஸ்டெல்லா."

"எங்கம்மா ஊட்டு மேஜய்யா அது. நெசமாவே பழசு."

"பழசா இருந்து இன்னா பிரயோஜனம்? பழசா தெரியலியே."

குழியிலிருந்து எடுத்த அந்த மேசையின் இழுப்பறைக்குள் மூக்கை நுழைத்து ஆழ மூச்சிழுத்த ஒருவர், "இதுதான் அசல்" என்று மகிழ்ந்து வாங்கிப் போனார். துடைக்கும் துணியைக் கையில் பிடித்திருந்த ஸ்டெல்லா அக்கா, கொட்டகை வாசலில் காறித் துப்பினாள்.