வெயிலையுமா வாங்கினீங்க?

சேலத்து நண்பர் செந்தில், மலைமேல் மஞ்சக்குட்டை கிராமத்துப் பக்கம் பழைய காப்பி எஸ்டேட் பங்களா ஒன்றை வாங்கி ஹோட்டலாக்கியிருக்கிறார். போன மாதம், "வந்து தங்கிப் பாருங்க சார்" என்று கூப்பிட்டார். ஓசி ரூம் என்றால் கசக்குமா என்ன? கிளம்பிவிட்டேன்.

நிஜமாகவே நல்ல வேலை. கூரை ஓடுகளைப் பிரித்துத் தகரம் போடச் சொன்ன காண்ட்ராக்டரையே மாற்றியிருக்கிறார்! "பழசைக் கெடுக்கக் கூடாதுங்க. அதான் என் பாலிசி" என்றார். வாசலில் எஸ்டேட் காலத்தில் காப்பி காயவைத்த பெரிய சிமென்ட் களம். அதில் மட்டும் வெள்ளைக் கோடு போட்டு கார் பார்க்கிங்.

மறுநாள் காலை, மூன்று நாள் மூட்டம் விலகி சுள்ளென்று வெயில். நானும் செந்திலும் மற்ற விருந்தினர்களும் வராந்தாவில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மஞ்சக்குட்டைப் பெண்கள் நாலைந்து பேர் தலையில் மூட்டையோடு வந்து நின்றார்கள்.

முன்னால் நின்றவர் பழனியம்மா. "ஏனுங்க, வெயிலு வந்துருச்சு. காரையெல்லாம் அக்கட்ட தள்ளுனீங்கன்னா மொளகு கொட்டிக்குவோமுங்க."

செந்தில் கையில் இட்லியோடு எழுந்துவிட்டார். "இது பார்க்கிங்குங்கம்மா!"

"காப்பி சீசன் முடிஞ்சா களம் எங்களுக்குத்தானுங்க, எப்பவும். இந்த மேட்டுல வேற எங்க கொட்டறது? மூணு நாளா ஊட்டுக்குள்ள குமிச்சுக் கெடக்குது. இன்னிக்கும் காயலீன்னா பூசணம் புடிச்சுப்போயிருமுங்க. வருசத்துக்கு இது ஒண்ணுதான் எங்களுக்கு வரும்படி."

"நான் வெல குடுத்து வாங்கியிருக்கேனுங்க…"

"ஊட்ட வாங்குனீங்க, செரி. வெயிலையுமா வாங்கிப்போட்டீங்க?"

விருந்தினர்கள் சிரித்துவிட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து போய்க் காரை நகர்த்தினார்கள். செந்தில் கடைசியாக, உர்ரென்று, தன் காரை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் களம் முழுக்க மிளகு. கோவையிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். "காலத் தேச்சுத் தேச்சு நட கண்ணு, அப்பத்தான் பொரளும்" என்றார் பழனியம்மா.

மத்தியானம் திடீரென்று மழை! அத்தனை பேரும் ஓடினோம். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் யார் தெரியுமா? செந்தில்தான் — புத்தம்புது பெட்ஷீட்களை உருவிக்கொண்டு! மிளகு அதில் மூட்டையாகி டைனிங் ஹாலில் ஏறியது. இரவுச் சாப்பாட்டை அவரவர் அறையில் சாப்பிட்டோம். அடுத்த இரண்டு நாள் நல்ல வெயில், மிளகு தப்பியது. எனக்கு அத்தனை சந்தோஷம்.

பழைய கட்டடத்தை மாற்றுபவர்களிடம் ஓடு, ஜன்னல், பெயின்ட் என்று எவ்வளவோ கேட்கிறோம். "இந்த இடம் இதுவரை யாருக்கெல்லாம் உதவியது? இனி அவர்கள் எங்கே போவார்கள்?" என்றும் கேட்டால் என்ன? சுவரைக் காப்பாற்றிவிட்டு, அந்த இடத்தை நம்பியிருந்தவர்களைத் துரத்தினால் எப்படி?

போன வாரம் மறுபடி போனேன். களத்தில் புது போர்டு: 'வெயிலடித்தால் மிளகு. மற்ற நேரம் கார்.'

அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். என் காரைப் பலாமரத்தடிக்கு அனுப்பிவிட்டார்கள். "கார் மேல பழம் விழாதே?" என்றேன்.

"அது மரத்தோட பாலிசிங்க" என்றார் செந்தில்.