குந்தக் கூடாது

லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு முறிந்தது. அதுவரை எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்காதவன் நான். நாட்டுக் கட்டோடு மூன்று மாதம் கிடந்தும் எலும்பு சேராததால், கோலார் தங்க வயலில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பெங்களூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தொடை எலும்பின் தலை செத்துவிட்டது, அறுத்துவிட்டு இரும்புக் குண்டு வைக்க வேண்டும் என்றார். ஒன்றை என் கையில் கொடுத்தார். பெரிய எலுமிச்சம்பழம் அளவு உருண்டை, அதன் கீழே ஒரு சாண் கம்பி. சில்லென்றிருந்தது. உள்ளே துருப்பிடிக்காதா என்று கேட்டேன். பிடிக்காது என்றார். நான் நம்பவில்லை. ஆனால் நடக்காமல் எனக்குப் பிழைப்பு இல்லை.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போயிற்று. காது மட்டும் போகவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியலால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மேஜையில் என் தலை அசைந்தது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். குந்தக் கூடாது. குந்தினால் குண்டு நழுவும், கால் குட்டையாகும், பாதம் உள்ளே திரும்பிவிடும். மறுபடி அறுக்க வேண்டும்.

சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் சாப்பாடு, குளியல், பொதுக் கக்கூஸ் எல்லாமே குந்தித்தான். சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்த மாமா, அக்காவின் புருஷன், வெடிமருந்து வந்த பலகைப் பெட்டிகளைப் பிரித்து, நடுவில் ஓட்டை போட்ட உயரமான நாற்காலி ஒன்று செய்தார். வீட்டுக்குப் பின்னால் சாக்குப் படுதா கட்டி அதற்குள் வைத்தார்.

"ஏறு மச்சான். மருந்துப் பொட்டி மேல ஒக்கார்ற ராஜா இந்த லைன்லயே நீ ஒருத்தன்தான்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கனவில்கூடக் குந்திவிடுவேனோ என்று பயந்து கால்களுக்கு நடுவே தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

ஏழாவது வாரம், ஒரு காலை, கக்கத்துக் கட்டைகள் இரண்டையும் ஊன்றிப் படுதாவைவிட்டு வெளியே வந்தபோது நிலம் குலுங்கியது. ஏர் பிளாஸ்ட் என்போம். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஆடும். வீட்டிலிருப்பவர்கள் தெருவுக்கு ஓடுவார்கள். கீழே வேலை பார்த்தவனுக்கு வேறு பழக்கம். குலுங்கினால் சுவரோடு ஒண்டி, தலையில் கைவைத்துக் குந்திவிடுவான். இந்தச் சுரங்கத்துக்கு வந்து வந்து போனதில் நானும் மொத்தம் ஒன்றரை வருஷம் கீழே கல் அள்ளியவன். கட்டைகள் தூரத்தில் கிடந்தன. நான் சுவரோரம் குந்தியிருந்தேன்.

அசையவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டேன். அக்கா ஓடிவந்தாள்.

"இன்னாடா, சுவரு உழுந்துச்சா?"

"குந்திட்டேன்க்கா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மாமா பனியனெல்லாம் சுவர்ச் சுண்ணாம்போடு வெளியே வந்தார். கட்டிலோரம் அவரும் குந்தியிருந்திருக்கிறார்.

கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தூக்கி, அங்கே கிடந்த நீளப் பலகையில் கிடத்தினார்கள். மாமா என் கால்களை மெல்ல நீட்டிக் குதிகால்களைச் சேர்த்தார். நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தின் கோணல் பார்ப்பதுபோல் அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா மாமா?"

"இரு." மறு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். "மட்டமாத்தான் கீது மச்சான்."

"பாதம்?"

"மேலதான் பாக்குது."

கயிறு பிடித்து அளக்கச் சொன்னேன். அளந்தார். மறுபடியும் அளக்கச் சொன்னேன். கோபப்படாமல் அளந்தார். இரண்டும் ஒன்றுதான்.

அன்று முழுக்க அந்தப் பலகையைவிட்டு நான் எழவில்லை. கால் பிழைத்துவிட்டது. ஆனால் இந்த ஊரில் நிலம் மறுபடியும் குலுங்கும், என் உடம்பு என்னைக் கேட்காமலே மறுபடியும் குந்தும். கட்டைகளை விடும்வரை இருடா என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். இதைச் சொன்னதும் என் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அடுத்த வாரம் பஸ் ஏறினேன். மருந்துப் பெட்டி நாற்காலியை மாமா மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்.