நிலா வாத்தும் என் அடைப்பெட்டியும்

வாத்து முட்டையை அடைவைக்கும் தொழில், மூடிய கதவின் முன்னே வாரக்கணக்கில் காத்து நிற்கும் தொழிலாகும். அடைப்பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்தபடி ஆறிய தேநீரைக் குடித்துப் பழகிய அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிரம்பானுக்கு வெளியே, செம்பனை சூழ்ந்த தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பழுதான குளிர்பதனப் பெட்டி ஒன்றில் மின்குமிழ்களையும் சிறு விசிறியையும் பொருத்தி, எவரிடமும் பயிலாமல் இக்கலையைக் கற்றுக்கொண்டேன். கருவுள்ள முட்டைகளை விலைக்கு வாங்கியும், பிறர் கொணர்வதை ஏற்றும் குஞ்சாக்கித் தருகிறேன்.

சேலைத்துணியில் வந்தவை

செம்பனை மட்டைகளிலிருந்து பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான பின் லயத்தில் தனியே வாழும் அஞ்சலையம்மாள், சேலைத்துணி மூட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். தெருநாய்க் கூட்டம் புகுந்து அவருடைய நிலா வாத்துகள் அனைத்தையும் கடித்துப் போட்டுவிட்டது. எஞ்சியவை புதரில் கிடந்த ஒன்பது முட்டைகள் மட்டுமே.

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் அவருடைய ஒரே மகன் குமரன், தன்னோடு வந்துவிடுமாறு தாயை நெடுநாளாக அழைத்துவருகிறான். "வாத்துகளை யார் பார்ப்பது?" என்பதே அவர் சொல்லிவந்த மறுமொழி. இப்போது அந்த மறுமொழி முழுவதும் என் மேசைமேல் ஒரு பழந்துணியில் கிடந்தது. நான் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரிக்கோலால் குறியிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "பொரிச்சா இங்கயே இருக்கேன் அண்ணே. பொரிக்கலன்னா மவன் வீட்டுக்குப் போயிடறேன். பன்னெண்டாவது மாடிலா, கீழ பார்த்தாலே தலை சுத்தும்."

உப்பு போட்டவர்

ஒரு வாரம் கழித்து ஒளி பார்த்தோம். சமையலறைச் சன்னலைப் போர்வையால் மறைத்து, கைவிளக்கின் முனையில் முட்டையைப் பொருத்தினால், அதன் ஓடு மறைந்து உள்ளே தேநீர் நிறத்தில் ஓர் உலகம் தோன்றும். நடுவில் ஒரு சிவந்த புள்ளி. அதிலிருந்து நாற்புறமும் பிரியும் மெல்லிய நரம்புகள். ஒன்பதிலும் அந்தப் புள்ளி இருந்தது. அஞ்சலையம்மாள் மூச்சு விடவும் அஞ்சியவராய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் சிரம்பானின் தெமியாங் பகுதியிலிருந்து அலுவலக உடையில் ஓர் இளைஞர், பையில் வாத்து முட்டைகளோடு வந்தார். பாசார்க் கடைத்தெருவில் வாங்கியவையாம். விளக்கில் வைத்தேன். மஞ்சட்கரு இறுகி, அசையாமல், மாலைச் சூரியனைப்போல் ஒரு பக்கமாய் ஒட்டிக்கிடந்தது. ஐயம் தீர ஒன்றை உடைத்து நாவில் வைத்தேன். உப்பில் ஊறப்போட்டு விற்கும் முட்டை! செய்தியைச் சொன்னேன். இளைஞர் சிறிதும் கலங்கவில்லை. நாய்கள் வந்துபோன பின் முதன்முறையாக அஞ்சலையம்மாளைச் சிரிக்கவைத்தது அவர் கேட்ட கேள்விதான்: "அப்போ குஞ்சு வந்தா கறிக்கு உப்பே போட வேணாம்லா அங்கிள்?"

நிலாவும் மணிலாவும்

வாத்து முட்டையை நாள்தோறும் சற்று நேரம் வெளியே எடுத்து ஆறவைத்து, நீர் தெளித்துத் திரும்ப வைக்க வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. தாய்வாத்து இரை தேடி எழுந்து போய், ஈரச் சிறகோடு வந்து அமர்வதற்கு நாம் செய்யும் ஈடு அது. நான் இதை மாலை மங்கியதும் செய்வது வழக்கம். அஞ்சலையம்மாளோ முட்டைகளை முறத்தில் பரப்பி, நிலவு விழும் பின்வாசலில்தான் வைக்க வேண்டும் என்றார். நிலா வாத்தின் முட்டை நிலாவைப் பார்க்காமல் எப்படிப் பொரிக்கும் என்பது அவர் வாதம்.

நான் பொறுமையாக எடுத்துரைத்தேன். இவ்வாத்தை மலாய்க்காரர் 'ஈத்தேக் நீலா' என்பர். அந்த நீலா, மணிலா என்ற ஊர்ப்பெயரின் தேய்வு. நம்மவர் அதை நிலா என்று கேட்டுக்கொண்டனர். வானத்து நிலவுக்கும் இவ்வாத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இவ்வாறு நான் விளக்கிக்கொண்டிருக்கையிலேயே செம்பனைகளுக்கு மேலே நிலவு எழுந்தது. முறத்தில் இருந்த முட்டைகள் ஒவ்வொன்றாக ஒளிபெற்று, எது ஓடு, எது ஒளி என்று பிரித்தறிய முடியாதவாறு மிதந்தன. நான் பேச்சை எங்கே விட்டேன் என்பதே மறந்துபோயிற்று. அஞ்சலையம்மாள் மறக்கவில்லை: "மணிலா எங்கயோ கடலுக்கு அந்தாண்ட கிடக்கு அண்ணே. நிலா இந்தா, கொல்லையிலேயே நிக்குது."

இடி இடித்த பிற்பகல்

மூன்றாம் வாரத்தில் ஒரு பிற்பகல், இடி எங்கோ ஒரு மின்கம்பத்தில் விழுந்து தோட்டம் முழுவதும் மின்சாரம் நின்றது. அடைப்பெட்டியின் விசிறி ஓய்ந்த அந்த அமைதியை அன்பர்கள் யாவரும் கேட்டிருப்பீர்கள். அதைவிடப் பெரிய ஓசை இத்தொழிலில் இல்லை. விறகடுப்பில் வெந்நீர் வைத்துப் புட்டிகளில் நிரப்பி, துணி சுற்றி, முட்டைகளைச் சுற்றி அடுக்கினேன். ஒரு காலத்தில் தோட்டத்து ஆள்களை மேற்பார்த்த மண்டோரான அடுத்த வீட்டு ஆரோக்கியசாமி, தம் மாதா கோயிலில் தேநீர் ஊற்றும் வெந்நீர்க் குடுவைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தார். "செத்து எழுந்திரிக்கிறது எங்க கோயில்ல உண்டு. உங்க பெட்டியில உண்டா?" என்று கேலி பேசியபடியே இருட்டும்வரை புட்டிகளை மாற்றி மாற்றி வைத்தார்.

மின்சாரம் வந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க நான் கைவிளக்கை எடுத்தேன். எங்களோடு புட்டி மாற்றிக்கொண்டிருந்த அஞ்சலையம்மாள் தம் உள்ளங்கையால் விளக்கின் முகத்தை மூடினார். அவருடைய விரல்களின் ஊடே ஒளி சிவப்பாய்க் கசிந்தது. "வேணாம் அண்ணே," என்றார். "தெரியாத வரைக்கும் நான் இங்கதானே இருக்கேன்."

கைப்பேசி சொன்ன கணக்கு

நான்கு வாரம் நிறைந்த மறுநாள் குமரன் மகிழுந்தில் வந்து இறங்கினான். பெட்டிக்குள் முட்டைகள் ஒன்பதும் கூழாங்கற்கள்போல் கிடந்தன. "நாலு வாரத்துல பொரிக்கும்னு போன்ல போட்டிருக்கு மாமா. இதெல்லாம் செத்துப்போச்சு. அம்மாவுக்கு ஏன் ஆசை காட்டுறீங்க?" என்றான். சினத்தைக் காட்டிலும் வருத்தமே அவன் குரலில் மிகுந்திருந்தது. நான்கு வாரம் மற்ற வாத்துகளுக்குரியது என்றும், மணிலா வாத்துக்கு ஐந்து வாரம் பிடிக்கும் என்றும் கூறினேன்.

"மணிலாவா? அம்மா நிலான்னுதானே சொன்னாங்க! நிலா வாத்துன்னு தேடுனேன், வெறும் நிலாப் பாட்டா வந்துச்சு. அப்புறம்தான் சும்மா வாத்துன்னு போட்டுப் பார்த்தேன்." அவனே சிரித்துவிட்டான். சிரித்து முடித்தபின், பெட்டியருகே நின்ற தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டியில் ஏறும்போது சொன்னான்: "சரி, இன்னும் ஒரு வாரம். வரலைன்னா சாமான் கட்டணும்மா. அழக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

முதல் முகம்

சொன்னபடியே ஒரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அவன் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தான். அஞ்சலையம்மாள் முடிவைக் காண அஞ்சி, பொழுது சாயும்வரை வரமாட்டேன் என்று கோயிலுக்குப் போயிருந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் குமரன் கண்ணாடியின் முன் அமர்ந்தான். வெளியே மழை தூறியதா, பெட்டிக்குள் ஓடு கீறியதா என்று தெரியாத ஒரு மெல்லொலி கேட்டது. "மாமா," என்றான். ஒரு முட்டையில் நட்சத்திரம்போல் விரிசல் விழுந்திருந்தது. அவன் அன்று முழுவதும் அவ்விடத்தை விட்டு எழவில்லை. ஒன்பதில் ஐந்து மௌனமாகவே இருந்துவிட்டன. நான்கு வெளிவந்தன.

ஈரம் உலர்ந்ததும் தரையில் விட்டேன். கண் திறந்து முதலில் கண்ட முகத்தையே வாத்துக் குஞ்சு தாயெனக் கொள்ளும் என்பதை அவனுக்கு நான் கூறியிருக்கவில்லை. அவன் எழுந்து நடந்தான். காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்குக் கங்காணியின் பின்னே செல்லும் ஆள்களைப்போல் நான்கும் வரிசையாக அவன் பின்னே நடந்தன. வண்டிவரை சென்றான், அங்கும் வந்தன. கோயிலிலிருந்து திரும்பிய அஞ்சலையம்மாள், மழையில் அட்டைப்பெட்டியைக் குடையாகப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த மகனைக் கண்டார். குஞ்சுகள் அவன் காலடியில் உறங்கிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டாம் மாடியைப் பற்றி அதன்பின் ஒருவரும் பேசவில்லை. சென்ற வாரம் அஞ்சலையம்மாள் என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டார்: "என்னைக் கூட்டிப் போக மாசத்துக்கு ஒரு தடவை வந்தவன், வாத்தைப் பார்க்க இப்ப வாராவாரம் வர்றான் அண்ணே. நானும் ஒரு முட்டைக்குள்ள போய் உட்கார்ந்திருக்கலாம்லா!"

ஆக, அன்பர்களே, எவரிடமும் பயிலாமல் நான் கற்ற இக்கலையினால் எனக்கு மிஞ்சியது, ஏறிப்போன மின்கட்டணமும், சனிதோறும் என் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மகிழுந்துமேயாம்.