மாமாவுக்குக் கிடைத்த நரி முகம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இன்றைக்குத் திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் பந்தலும் பாத்திரமும் என் லாரியில்தான் போய் இறங்கும். எவரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. எல்லாம் நானே உண்டாக்கியது. ஆனால் அதெல்லாம் பிற்பாடு வந்த பெருமை. ஒன்பது வயதிலேயே ஒரு மனுஷன் உயிரைக் காப்பாற்றியவள் நான். என் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். நீங்களாவது கேளுங்கள்.

அம்மாவின் தம்பிக்குத் துபாய் விசா வந்திருந்தது. கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் திறந்த புதிது. தெருவுக்கு இரண்டு பேராவது கடல் தாண்டி இருந்தார்கள். மாமாவை அனுப்ப அம்மாவின் வளையல்கள் கையை விட்டு இறங்கின, தாத்தா நிலத்தில் ஒரு துண்டும் போனது. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று, நாகூர் தர்காவுக்கும் போய் வந்தாயிற்று. பாக்கி நரி முகம் ஒன்றுதான். பயணம் புறப்படுகிறவன் நரி முகத்தில் விழித்துவிட்டால் போன இடமெல்லாம் ஜெயம் என்பார்கள் எங்கள் பக்கம். பங்குச் சாமியார் காதில் விழாதபடி அம்மாவே தம்பியை விடியற்காலையில் படுகைக்கு அனுப்பினாள். காவிரித் தண்ணீருக்கும் கரைக்கும் நடுவில் மூங்கிலும் வாழையும் கோரையுமாகக் கிடக்கும் பூமி அது. நரிகள் அங்கேதான் குடியிருந்தன. துணைக்கு நான். எனக்குக் கழுகுக் கண் என்று அப்போதே பெயர்.

பல நாள் போனோம், நரி தென்படவில்லை. அந்த மாசம் படுகையில் ஏதோ சரியில்லை என்று ஊரில் பேச்சு இருந்தது. சாயங்காலமானால் ஒன்றுக்கொன்று பதில் கொடுத்து ஊளையிடும் கூட்டம். இப்போது ஒற்றைக் குரல்தான் கேட்டது, அதுவும் தொண்டை கட்டினாற்போல். வாழைக்கொல்லையில் நரிகள் செத்துக் கிடந்ததாக ஒருவர் சொன்னார். யாராவது விஷம் வைத்திருப்பார்கள் என்று அதோடு விட்டுவிட்டார்கள்.

மெட்ராஸுக்கு ரயில் ஏறவேண்டிய வாரம், நன்றாக வெயில் ஏறிய பிறகு அது வந்தது. நான் கரைமேல் நின்றேன். மாமா கீழே கோரைக்குள் இறங்கியிருந்தார். ஆளைக் கண்டால் ஓடுவதுதான் நரி. இது ஓடவில்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு, குடித்தவன் மாதிரி ஆடி ஆடி, மாமாவைப் பார்த்தே நடந்து வந்தது. வாயோரம் எச்சில் கோழையாகத் தொங்கியது.

"மாமா, மேல வந்துருங்க!"

"சும்மா இரு பாப்பா. நின்னு மூஞ்சி காட்டுது பாரு! எவனுக்குக் கெடைக்கும் இது?"

அப்புறம் கோரைக்கு மேலே அவர் தலை மட்டும்தான் தெரிந்தது. ஒரு சத்தம். தலை மறைந்தது. கோரை அசைந்து அசைந்து அடங்கியது. மாமா நொண்டிக்கொண்டே மேலே வந்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கைலியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். பல் பதிந்த இடத்தில் ரத்தம் முத்து முத்தாக நின்றது.

"கடிச்சிருச்சு பாப்பா. வீட்ல மூச்சு விட்டுடாத. துபாய்லேர்ந்து பேசுற பொம்மை அனுப்புறேன்."

காயத்தில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு பெட்டி கட்ட உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வெறி பிடித்தது கடித்தால் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும், நாய் மாதிரி குரைத்துச் சாக வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சொம்பும் கையுமாக அவரையே சுற்றினேன்.

"மாமா, தண்ணி குடிங்க."

"இப்பதானே குடிச்சேன்."

"இன்னும் ஒரு வாய்."

"அக்கா, ஒம் பொண்ணு என்னையக் குடம்னு நெனச்சுட்டா போலருக்கு!"

அம்மா சிரித்தாள். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருமுறை புரை ஏறி இருமினார். நான் சொம்பை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அப்பா சேதி கொண்டுவந்தார். பால்காரர் தொழுவத்தில் நரி புகுந்து பசுவின் மூஞ்சியைக் கடித்திருக்கிறது. தெருவே கூடி அதை அடித்துப் போட்டிருக்கிறது.

"மாட்டு டாக்டர் வந்து பாத்தாராம். வெறியாத்தான் இருக்கும்ங்கிறாரு. ஒரு நரிக்கு வந்தா கூட்டத்துக்கே தொத்திருமாம், ஒண்ண ஒண்ணு கடிச்சே பரவுமாம். படுகையில செத்துக் கெடந்ததும் அதனாலதான் இருக்கும்னாரு."

மாமாவின் கை சோற்றில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்கிற பார்வை என்றுதான் நினைத்தேன். அந்தப் பார்வைக்கெல்லாம் பயந்தவளா நான்? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன்.

"மாமாவ அந்த நரி கடிச்சிருச்சு!"

"முள்ளுக்கா, முள்ளுதான்" என்றார் மாமா. அம்மா கைலியை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினார்.

"மச்சான், வெள்ளிக்கிழமை ரயிலு."

"ஆளு இருந்தாத்தானேடா ரயிலு? ஏறு!"

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில், கடிபட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவத் தெரியாதா என்று டாக்டர் கத்தியிருக்கிறார். தொப்புளைச் சுற்றி ஊசி, தினம் தினம். இடையில் ஒருநாள்கூட விடக்கூடாது. வெள்ளிக்கிழமை ரயில் மாமா இல்லாமலே போனது. விசாவும் கெடு தாண்டிவிட்டது. ஏஜென்ட் கையை விரித்தார்; அடுத்த தெரு ஆள் ஒருவர் அந்த வேலைக்குப் பறந்தார். அம்மா பாதி நேரம் தம்பி பிழைத்ததற்காக அழுதாள், பாதி நேரம் வளையல்களுக்காக அழுதாள்.

பால்காரரின் பசு கட்டுத்தறியில் முட்டி முட்டிக் கத்திச் செத்தது. அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. மாமா காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பல மாசம் கழித்தும் வெறி வரும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதால், அந்த வருஷம் அறுப்பு முடியும்வரை நான் சொம்பைக் கீழே வைக்கவில்லை. மாமாவுக்கு ஒன்றும் வரவில்லை. குத்தகைக்கு நிலம் பிடித்தார், கல்யாணம் செய்துகொண்டார். படுகையில்தான் ஊளை அடியோடு நின்றுவிட்டது. அதிர்ஷ்டம் வேண்டும் என்று அதற்கப்புறம் அங்கே போனவர்களுக்கு நரியின் வால்கூடக் கிடைக்கவில்லை.

மாமாவை நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்லாத சபை கிடையாது. அவரை வைத்துக்கொண்டே சொல்வேன். ஆமாம் என்று தலையாட்டுவார். போன மாசம் பந்தல் போடும்போது என் ஆள் ஒருவர் காலில் ஆணி ஏறிவிட்டது. கூலி போய்விடுமே என்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒண்ணுமில்லக்கா என்று சிரித்தபடியே தட்டி கட்டிக்கொண்டிருந்தார். மறைக்கிறவர் அப்படித்தான் மறைப்பார். மாமாவோ அன்றைக்குத் தானே கைலியைத் தூக்கிக் காட்டினார். ஊரையே கூட்டி, நகையைக் கழற்றி அனுப்புகிற அக்காவிடம், எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, நான் போகவில்லை என்று அவரால் சொல்ல முடியாது. வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும்.

நரி கடித்ததைக் கரைமேலிருந்து நான் பார்க்கவே இல்லை. முள் கிழித்துவிட்டது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.